இருட்டோடு பழகியவர்

அச்சத்திற்கு ஓர் ஊர் உண்டென்றால், பழந்தமிழர் அதைக் கொல்லிமலையில்தான் அமைத்திருந்தனர் எனலாம். இன்றைய நாமக்கல் மாவட்டத்தில், கிழக்குத் தொடர்ச்சி மலைகளின் ஓர் அங்கமாக, ஆயிரம் மீட்டருக்கும் மேலாக உயர்ந்து நிற்கும் மலை அது. அதன் அடர்ந்த காட்டுக்குள் ‘கொல்லிப்பாவை’ என்னும் பெண்ணுருவம் ஒன்று உண்டு எனச் சங்கப் புலவர்கள் பாடினர். காற்றும் மழையும் இடியும் தாக்கினாலும் தன் அழகு குன்றாத உருவம் அது. தன்னை நோக்கி வருவோரைச் சிரித்தே மயக்கிக் கொன்றுவிடும் என்று மக்கள் வழக்குக் கதைகள் அதனோடு சேர்ந்துகொண்டன. பகலில், நாலு பேர் நடுவில் அமர்ந்து கேட்டால் இது சுவையான கதை. இரவில், காட்டுப் பாதையில் தனியே நிற்பவனுக்கு இது கதையாகத் தோன்றுவதில்லை.

நான் வேட்டைக்காரன் அல்லன். துப்பாக்கியைக் கையால் தொட்டதும் இல்லை. ஆயினும், மலையடிவாரப் பங்கு ஒன்றில் இளங்குருவாகப் பணியாற்றிய நாள்களில், இருண்ட காட்டுக்குள் தன்னந்தனியே வேட்டைக்குச் சென்று பழகிய முதியவர் ஒருவரின் நட்பு எனக்குக் கிடைத்தது. அச்சம் என்பது யாது, துணிவு என்பது யாது எனக் குருமடத்தில் நூல்களின் வழியாகக் கற்றிருந்தேன். அதே பாடத்தை அவர் வீட்டுத் திண்ணையில் மீண்டும் ஒருமுறை கற்றேன்.

அவர் மலையாளி என வழங்கப்பெறும் பழங்குடி மரபினர். கேரளத்தவரோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலைவாழ் மக்கள் என்ற பொருளில் வழங்கும் பெயர் அது. நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். மலையில் இருந்த சில கத்தோலிக்கக் குடும்பங்களைச் சந்திக்கச் செல்லும்போதெல்லாம் அவர் வீட்டில் சற்று இளைப்பாறிச் செல்வேன். அப்போதே அவர் எழுபதைக் கடந்திருந்தார். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின்னர் வேட்டையைக் கைவிட்டு, மரவள்ளிக் காட்டில் பன்றிக் காவலுக்கு மட்டும் இரவில் சென்றுவந்தார். இன்று வேட்டை குற்றம். அது குற்றமாக இருப்பதே முறை. வேட்டையைப் போற்றுவதற்காக நான் இதை எழுதவில்லை. வேட்டை கைவிடப்பட்ட பின்னும் அவரிடம் எஞ்சியிருந்த ஒன்றைப் பற்றியே எழுதுகிறேன்.

“உங்களுக்குப் பயமே இருந்ததில்லையா, பெரியவரே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“பயமில்லாதவன் காட்டுக்குள்ள போகக் கூடாதுங்க சாமி. அவன் தானும் சாவான், கூட வந்தவனையும் சாகடிப்பான்” என்றார்.

அவருடைய தந்தை அவரைப் பழக்கிய முறை வியப்பானது. முதல் ஓராண்டு முழுவதும் மகன் கையில் துப்பாக்கியே தரப்படவில்லை. பகலில் ஒரு பாதையைப் பலமுறை நடக்கச் செய்வார். எந்த இடத்தில் வேர் குறுக்கே ஓடுகிறது, எங்கே பாறை வழுக்கும், எங்கே ஓடை கடக்கிறது என்பதைக் கண்ணால் மட்டுமன்றிக் காலாலும் அறிய வேண்டும். அதன் பின் ஒரு மாலையில், கருக்கலுக்கு முன்னரே காட்டுக்குள் அழைத்துச் சென்று ஒரு பாறையடியில் அமரச் செய்வார். பேசக் கூடாது, அசையக் கூடாது. ஒளி குறையும், பறவைகள் அடங்கும், பக்கிக்குருவி குரல் கொடுக்கத் தொடங்கும், மரங்களின் உருவம் மெல்ல மெல்லக் கரையும்.

“இருட்டுக்குள்ள நாம போனா அது நம்மள முழுங்கிடும். நாம முன்னாடியே போய் உக்காந்திருந்தா, இருட்டு நம்மகிட்ட வரும். வீட்டுக்கு வர்ற விருந்தாளி மாதிரி” என்பது அவர் விளக்கம்.

இதில் உடலியல் உண்மையும் உண்டு. நம் கண்ணின் விழித்திரையில் இருவகை உணர்கலங்கள் உள்ளன. கூம்பு வடிவானவை ஒளியில் நிறங்களைக் காண்பவை. கோல் வடிவானவை மங்கிய ஒளியில் காண்பவை. வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வரும் ஒருவனின் கண்கள் இருளுக்கு முழுமையாகப் பழக முப்பது முதல் நாற்பது நிமிடங்கள் வரை ஆகும். இடையில் ஒருமுறை பிரகாசமான விளக்கைப் பார்த்தாலும் பழகியதில் பெரும்பகுதி பாழாகிவிடும். விளக்கொளியில் இருந்து எழுந்து நேரே காட்டுக்குள் நுழைபவன் உண்மையிலேயே குருடனாக நுழைகிறான்; அவன் அஞ்சுவதில் வியப்பில்லை. அமர்ந்து காத்திருப்பவனுக்கோ விண்மீன்களின் ஒளியே பாதையைக் காட்டத் தொடங்குகிறது.

‘இருட்டில் ஒரு பொருளை நேராகப் பார்க்காதே, சற்றுப் பக்கத்தில் பார்’ என்பது தந்தையின் மற்றொரு பாடம். விழித்திரையின் நடுப்புள்ளியில் கோல் உணர்கலங்கள் இல்லை. ஆகவே மங்கிய ஒளியில் நேராக உற்றுநோக்கும் பொருள் மறைந்துபோகும். ஓரக்கண்ணால் நோக்கும் பொருள் தெரியும். அந்தத் தந்தை விழித்திரையைப் பற்றி அறிந்தவர் அல்லர். ஆனால், ஒரு கருங்கட்டையை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கரடியாகிவிடும் என்பதை அறிந்திருந்தார்.

அடுத்தது ஒலி. காட்டில் கண்ணை விடக் காதே மிகுதியாக அஞ்சுகிறது. ஓர் ஓசை கேட்டதும் ஓடக் கூடாது; நிற்க வேண்டும்; பத்து மூச்சு எண்ண வேண்டும்; அதற்குள் அந்த ஓசைக்கு ஒரு பெயர் வைக்க வேண்டும். மரத்திலிருந்து பழம் விழுகிறதா? மரநாய் கிளை தாவுகிறதா? முள்ளம்பன்றி முட்களைச் சிலிர்க்கிறதா? பெயர் தெரிந்துவிட்டால் அது அண்டை வீட்டார் ஓசையாகிவிடும். பெயர் தெரியாத ஓசைகளே பேயாகின்றன.

புகழ்பெற்ற வேட்டைக்காரர் ஜிம் கார்பெட் தம் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றை 1953-இல் வெளிவந்த காட்டு நினைவு நூலில் எழுதியிருக்கிறார். இமயமலை அடிவாரத்தில், காலாதுங்கி என்ற ஊரில், அயர்லாந்துக்காரர் ஒருவர் குழந்தைகளுக்குப் பேய்க்கதை சொல்வது வழக்கம். அழுகுரல் எழுப்பும் பெண்பேய் ஒன்று உண்டு, அதன் குரலைக் கேட்பது சாவின் அறிகுறி என்பது அவர் கதை. சிறுவன் ஜிம் ஒருநாள் காட்டில் அந்தக் குரலையே கேட்டுவிட்டான், நடுங்கினான். பின்னர் ஒருமுறை, நடுங்கிக்கொண்டேயாயினும், குரல் வந்த திசையில் பதுங்கிச் சென்று பார்த்தான். சாய்ந்த மரம் ஒன்று மற்றொன்றின்மீது கிடந்து, காற்று அசைக்கும்போதெல்லாம் உரசி முனகிக்கொண்டிருந்தது. அவ்வளவே. பிற்காலத்தில் 125 பேரைக் கொன்ற உருத்திரப்பிரயாகைச் சிறுத்தையை 1926-இல் வீழ்த்தியவர் இந்தச் சிறுவன்தான். அந்த வேட்டையின் இரவுகளில் தாம் எத்துணை அஞ்சினார் என்பதை அவர் எங்கும் மறைக்கவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

‘துப்பாக்கி கையில் இருந்தால் பயம் குறையுமே’ என்று பெரியவரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். அவரிடம் இருந்தது குழல்வாய் வழியே மருந்தும் ஈயமும் இட்டுக் கம்பியால் கெட்டிக்கும் பழைய நாட்டுத் துப்பாக்கி. ஒருமுறை சுட்டால் மறுமுறை கெட்டித்து முடிக்கும்வரை அது வெறும் தடிதான். ஆகவே, கண்ணால் கண்டு தெளிந்தாலன்றிச் சுடக் கூடாது. அச்சத்தில் ஓசையை நோக்கிச் சுடுபவன் சுடுவது பன்றியாகவும் இருக்கலாம். பக்கத்து ஊர் மனிதனாகவும் இருக்கலாம். “பயந்தவன் கையில துப்பாக்கி இருந்தா, காட்டுக்குத்தாங்க சாமி பயம்” என்றார்.

எல்லாவற்றையும் விடக் கடினமானது வீடு திரும்பும் வழி என்றும் அவர் சொன்னார். போகும்போது கவனமெல்லாம் முன்னே இருக்கும். திரும்பும்போது காடு முதுகுக்குப் பின்னால் வந்துவிடும். பிடரியில் யாரோ மூச்சு விடுவதுபோல் இருக்கும். கால்கள் தாமாகவே விரையும். அந்த நேரத்தில் ஒன்றே மருந்து: நடையின் வேகத்தைக் கூட்டாதிருத்தல். நாம் ஓடினால் பயமும் ஓடிவரும். நாம் நடந்தால் அதுவும் நடந்துதான் வர வேண்டும்.

அமெரிக்க உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் 1884-இல் எழுதிய கட்டுரை ஒன்றில், கரடியைக் கண்டவனையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இதையொத்த கருத்தைக் கூறியிருக்கிறார். அஞ்சுவதால் ஓடுகிறோம் என்று நாம் எண்ணுகிறோம். ஓடுவதாலும் உடல் நடுங்குவதாலுமே அச்சம் என்னும் உணர்வு பிறக்கிறது என்பது அவர் வாதம். அது முழு உண்மை அன்று எனப் பின்வந்த அறிஞர்கள் மறுத்ததுண்டு. எனினும், உடலை அமைதிப்படுத்தினால் உள்ளமும் ஓரளவு அமைதியுறும் என்பதை இருளில் நடந்த எவரும் மறுக்கமாட்டார்.

இனி, நாம் அஞ்சுவது ஒன்றாகவும் நம்மைக் கொல்வது வேறாகவும் இருப்பதைப் பற்றிச் சிறிது எண்ணிப் பார்ப்போம். ‘கொல்லி’ என்ற பெயருக்கே, சென்றவரைக் கொல்லும் மலை என்று பொருள் கூறுவார் உண்டு. அங்கே உண்மையில் மனிதரைக் கொன்றவற்றுள் ஒன்று மலைக்காய்ச்சல். அது கொசுவால் பரவுகிறது என்பது 1897-இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் செய்த ஆய்வினால் தெளிவாயிற்று. இம்மலையில் மருத்துவமும் கல்வியும் விவசாயமும் வளரப் பாடுபட்ட ஆங்கிலேய மறைப்பணியாளர் ஜெஸ்ஸி பிராண்ட் 1929-இல் அக்காய்ச்சலின் கடுமையான வடிவம் ஒன்றிற்கே பலியானார். புலி கொல்லவில்லை, பாவையும் கொல்லவில்லை.

பாம்புக்கடியும் அத்தகையதே. 2020-இல் வெளியான ஆய்வு ஒன்றின்படி, 2000 முதல் 2019 வரை இந்தியாவில் ஏறத்தாழ 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்தனர். ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இறந்தவர்களுள் பெரும்பாலோர் சிற்றூர் மக்கள். இருளில் நடப்பவன் மரக்கிளையை நோக்கி அஞ்சுகிறான். ஆபத்தோ அவன் காலடியில் படுத்திருக்கிறது. ஆகவே, அச்சத்தை வெல்வதன் ஒரு பாதி, அதைச் சரியான இடத்திற்குத் திருப்பிவிடுவதாகும்.

பெரியவர் எனக்கென்று தந்த அறிவுரையும் இந்த வகையானதே. வேட்டைக்காரன் ஓசையின்றி நடக்க வேண்டியவன். வழிப்போக்கன் ஓசையோடு நடக்க வேண்டியவன். கரடி தன் பக்கத்தில் ஒருவனைத் திடீரெனக் கண்டால்தான் பாய்கிறது. தொலைவிலேயே அறிந்தால் பெரும்பாலும் விலகிவிடும். “விளக்கு காலுக்கு, காது காட்டுக்கு, கையில ஒரு தடி. அப்புறம், உங்க செபத்தைச் சத்தமாச் சொல்லிக்கிட்டே நடங்க சாமி. கடவுளுக்கு மெதுவாச் சொன்னாலும் கேக்கும். கரடிக்குக் கேக்க வேண்டாமா?”

2001-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு முன்னிரவு. மலைச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் இறக்கும் நிலையில் இருப்பதாகச் செய்தி வந்தது. செய்தி கொண்டுவந்த இளைஞர் மற்ற உறவினர்க்கு அறிவிக்க வேறு ஊருக்குச் செல்ல வேண்டியிருந்தது. மோட்டார் சைக்கிளில் மலையேறி, வண்டிப்பாதை முடிந்த இடத்தில் அதை நிறுத்தினேன். அங்கிருந்து ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர் சோலைக்காட்டு ஒற்றையடிப் பாதை. பகலில் நான் பலமுறை நடந்த பாதைதான். திருவுணவும் நோயாளர் எண்ணெயும் நெஞ்சோடு இருந்தன. கையில் விளக்கும் தடியும்.

செபமாலையை உரக்கச் சொல்லிக்கொண்டு நடந்தேன். பாதி வழியில், வலப்புறப் புதரில் எதுவோ அசைந்தது. செபம் நின்றுபோயிற்று. கால்கள் திரும்பி ஓடவே விரும்பின. நின்றேன், எண்ணத் தொடங்கினேன். ஆறாவது மூச்சில் தாழ்ந்த உறுமல், பின்னர் இன்னொன்று, குட்டிகளின் கீச்சொலி. காட்டுப் பன்றிகள், பல. பாதையைக் கடக்கின்றன. பெயர் தெரிந்தது; ஆயினும் அச்சம் தீரவில்லை. குட்டிகளோடு வரும் பன்றியின் குறுக்கே போவது அறிவுடைமை ஆகாது. அசையாமல் காத்து நின்றேன். எவ்வளவு நேரம் என்று சொல்ல இயலவில்லை. கடைசிக் காலடி ஓய்ந்த பின், விட்ட மணியிலிருந்து மீண்டும் தொடங்கினேன்.

அந்த வீட்டை அடைந்து எண்ணெய்ச் சிமிழைத் திறந்தபோது என் விரல்கள் நடுங்கிக்கொண்டுதான் இருந்தன. அந்த அம்மையார் என் கையைப் பற்றி, “தனியாவா வந்தீங்க சாமி?” என்றார். “இல்லைம்மா” என்றேன். அவருக்குப் புரிந்தது. நோயில்பூசுதலும் நன்மையும் பெற்று, விடியும் முன் அமைதியாகக் கண்மூடினார்.

அச்சம் அன்று என்னைவிட்டுப் போகவில்லை. என்னோடு அதுவும் நடந்து வந்தது. எனக்கு முன்னே நடந்து வழியை மறிக்காமல் பின்னே வந்தது. அது ஒன்றே வேறுபாடு. அதை அவ்வாறு பின்னுக்குத் தள்ளியவை இரண்டு: அந்தப் பாதையை நான் அறிந்திருந்தது ஒன்று, பாதையின் முடிவில் ஒருவர் எனக்காகக் காத்திருந்தது மற்றொன்று.

பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸ் தம் இறையியல் தொகுப்பில் துணிவு என்னும் நற்பண்பைப் பற்றி எழுதும்போது இரண்டு கருத்துகளை நிறுவுகிறார். முதலாவது, அளவுக்கு மீறிய அச்சம் குறையாவதுபோல, அச்சமே இல்லாமையும் ஒரு குறையே. அன்புக் குறைவாலோ, செருக்காலோ, அறிவு மந்தத்தாலோ அது தோன்றுகிறது என்கிறார். தன் உயிரை உரிய அளவில் நேசிப்பவன் அதை இழக்க அஞ்சுவான் அன்றோ? இரண்டாவது, துணிவின் தலையாய செயல் தாக்குதல் அன்று, தாங்கி நிற்றல். தாக்குபவன் தன்னை வலியவனாகக் கருதிப் பாய்கிறான். தாங்குபவனோ தன்னினும் வலியதன் எதிரே, ஆபத்து அருகில் இருக்கும்போதே, நெடுநேரம் அசையாது நிற்கிறான். குருமடத்தில் இதைப் படித்தபோது தேர்வுக்கான விடையாகவே எனக்குப் பட்டது. பயமில்லாதவன் காட்டுக்குள் போகக் கூடாது என்று பெரியவர் சொன்னபோதும், பன்றிகள் கடக்கும்வரை இருளில் நின்றபோதும், அது எத்துணை உண்மை என்று உணர்ந்தேன்.

ஜெஸ்ஸி பிராண்டின் துணைவியார் ஈவ்லின் அம்மையாரையும் இங்கே நினைவுகூர்வது தகும். நம் சபையைச் சேராதவர் எனினும் நம் நன்றிக்குரியவர். கணவரை இழந்த பின்னரும், முதுமையில், இளைப்பாற வேண்டிய வயதில் மீண்டும் மலைக்கு வந்து, 1974-இல் தம் 95-ஆம் வயதில் இறக்கும்வரை மலைமக்களிடையே பணிசெய்தார். வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ்பெற்ற மருத்துவர் பால் பிராண்ட், 1914-இல் பிறந்த இவர்களுடைய மகன். கணவரைக் கொன்ற காட்டுக்குள் அந்த அம்மையார் துப்பாக்கியோடு திரும்பவில்லை. மருந்துப் பெட்டியோடு திரும்பினார்.

கொல்லிமலைக்கு உரியவன் கொல்லிப்பாவை மட்டும் அல்லள். வல்வில் ஓரியும் இம்மலைக்கு உரியவன். செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழாவும் உண்டு. ஒரே அம்பால் யானையையும் புலியையும் மானையும் பன்றியையும் உடும்பையும் வீழ்த்தியவன் என்று அவனுடைய வில்லாற்றலைப் பள்ளியில் நாம் படித்திருக்கிறோம். வன்பரணர் பாடிய அந்தப் புறநானூற்றுப் பாடலின் பிற்பகுதியை நாம் அவ்வளவாக நினைப்பதில்லை. பசியோடு காட்டுவழியே வந்த பாணர் கூட்டம் ஒன்று, இன்னார் என்று அறியாமல் அந்த வேட்டுவனைச் சந்திக்கிறது. அவன் அவர்களுக்கு ஊனும் கள்ளும் தருகிறான். தன் மலையின் பொன்னும் மணியும் தருகிறான். தன் பெயரை மட்டும் சொல்லவில்லை. அவர்கள் தன்னையே புகழ்ந்து பாடுவதைக் கேட்டு நாணி நிற்கிறான்.

காட்டில் தனியே நடக்கக் கற்றவனின் சிறப்பு அவன் வீழ்த்திய விலங்குகளில் இல்லை. வழிதெரியாமல் வந்தவர்கள் அந்தக் காட்டில் அவனைக் கண்டதும் அச்சம் நீங்கி அமர்ந்து உண்டார்கள், அதில்தான் இருக்கிறது.

அன்பு வாசகரே, மருத்துவமனையின் இரவுகளும், வேலை இழந்த வீட்டின் மௌனமும், துணையை இழந்தவரின் நீண்ட மாலைகளும் இருண்ட காடுகளே. அவற்றுள் நுழைய அஞ்சுவது பாவம் அன்று. பகலிலேயே பாதையைப் பழகி வைப்போம், ஓசைகளுக்குப் பெயரிடக் கற்போம், நடையை விரைவுபடுத்தாதிருப்போம். திருப்பாடல் ஆசிரியர் இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கைப் பாடும்போதும் பள்ளத்தாக்கு ஒளிபெற்றதாகப் பாடவில்லை. உடன் ஒருவர் நடப்பதாகவே பாடினார். பாதையின் மறுமுனையில், கதவைத் திறந்துவைத்து, நம் காலடி ஓசைக்காக யாரோ ஒருவர் இன்றிரவும் காத்திருக்கக்கூடும்.